ஸ்வெத்லானா என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

கேட்கப்பட்டவை மூன்று. ஸ்வெத்லானா பழைய ஸ்லாவியப் பெயரா? ஸ்டாலின் தன் மகளுக்கு வைத்ததால்தான் அது சோவியத் நாடெங்கும் பரவியதா? இன்றும் ரஷ்யாவில் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்களா?

முதல் இரண்டுக்கும் பதில், இல்லை. மூன்றாவதற்கு, வைக்கிறார்கள், ஆனால் மிகக் குறைவாக. ரஷ்யப் பெண்பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இந்தப் பெயருடையது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓல்கா, லுத்மீலா போன்றவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பெயர்கள். மரியா, எலேனா, தத்யானா எல்லாம் கிறிஸ்தவத்தோடு பைசாந்தியத்திலிருந்து வந்தவை. ஸ்வெத்லானாவுக்கு வயது இருநூற்றுச் சொச்சம்தான். இன்னார் உண்டாக்கினார், இந்த ஆண்டில் உண்டாக்கினார் என்று சொல்ல முடிகிற பெயர்கள் உலகத்தில் அதிகம் கிடையாது. இது அப்படி ஒன்று.

உண்டாக்கியவர் அலெக்சாந்தர் வொஸ்தோக்கோவ். 1802-இல், இருபத்தொரு வயதில், 'ஸ்வெத்லானாவும் ம்ஸ்திஸ்லாவும்' என்று பழைய ரஷ்ய வீரர்கள் காலத்துக் காதல் கதை ஒன்றைச் செய்யுளில் எழுதினார். ம்ஸ்திஸ்லாவ் என்பது இளவரசர்கள் உண்மையிலேயே வைத்திருந்த பெயர். ஸ்வெத்லானா என்று ஒருத்தி இருந்ததற்குப் பழைய நாளாகமங்களில் தடயம் இல்லை. ஒளி, வெளிச்சம் என்று பொருள்படும் 'ஸ்வெத்' என்ற வேரை எடுத்து, பழம்பெயர் போல ஒலிக்கும்படி ஒரு விகுதியைச் சேர்த்தார் அவர். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால், அது பழைய பெயர்தான் என்று இன்றும் பல ரஷ்யர்களே நம்புகிறார்கள்.

வொஸ்தோக்கோவ் யார் என்று தெரிந்தால் இது ஏன் இவ்வளவு நன்றாக அமைந்தது என்பது புரியும். அவர் பிறவியால் ரஷ்யர் அல்ல. இன்றைய எஸ்தோனியாவில் உள்ள சாரெமா தீவில் 1781-இல் ஜெர்மன் மொழிக் குடும்பத்தில் பிறந்தவர், குடும்பப் பெயர் ஓஸ்டெனெக். அதில் உள்ள 'ஓஸ்ட்' ஜெர்மனில் கிழக்கு, ரஷ்ய மொழியில் கிழக்கு 'வொஸ்தோக்'. தன் பெயரையே ரஷ்ய மயமாக்கி வொஸ்தோக்கோவ் ஆனவர். பின்னாளில் ரஷ்யாவின் மிகப் பெரிய ஸ்லாவிய மொழியியலாளர்களில் ஒருவராக வளர்ந்தார். பழைய ஸ்லாவிய எழுத்துகளில் சில மூக்கொலி உயிர்களைக் குறித்தன என்பதை 1820-இல் விளக்கியவர் அவர்தான். 11ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியான ஒஸ்த்ரோமிர் நற்செய்தியை 1843-இல் பதிப்பித்தவரும் அவரே. மொழியின் பழைய எலும்புக்கூடு அவருக்கு அத்துப்படியாகப் போகிறது என்பதற்கு அந்த இளவயதுப் பெயரே முன்னறிவிப்பு என்று எனக்குப் படும்.

ஆனால் அவருடைய கதைப்பாடலை அதிகம் பேர் படிக்கவில்லை. பெயர் அங்கேயே புதைந்து போயிருக்கும். அதை எடுத்துக் காப்பாற்றியவர் கவிஞர் வசீலி ஜுகோவ்ஸ்கி.

ஜெர்மன் கவிஞர் பியூர்கர் 1773-இல் 'லெனோர்' என்று ஒரு பேய்க் கதைப்பாடல் எழுதியிருந்தார். போருக்குப் போன காதலன் திரும்பாததால் கடவுளைப் பழித்த பெண்ணை, இரவில் பிணமாக வந்த அதே காதலன் குதிரையில் ஏற்றிக் கல்லறைக்குக் கொண்டுபோகிறான். ஜுகோவ்ஸ்கி முதலில் 1808-இல் இதை 'லுத்மீலா' என்ற பெயரில் ரஷ்யச் சூழலுக்கு மாற்றி எழுதினார். அதோடு மனசு அடங்கவில்லை. அதே ஆண்டில் தொடங்கி 1812 வரை இன்னொரு முறை எழுதினார். 1813-இல் வெளிவந்த அந்தப் பாடல்தான் 'ஸ்வெத்லானா'.

இந்த முறை எல்லாமே ரஷ்யா. கிறிஸ்துமஸுக்கும் திருக்காட்சித் திருநாளுக்கும் இடைப்பட்ட நாட்களில் ரஷ்யப் பெண்கள் குறி பார்ப்பார்கள். செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே எறிவார்கள், உருக்கிய மெழுகை ஊற்றி அது எடுக்கும் உருவத்தைப் பார்ப்பார்கள், கோழிக்குத் தானியம் எண்ணி வைப்பார்கள், அடுத்தவர் சன்னலடியில் நின்று காதில் விழும் பேச்சைக் கேட்பார்கள். பாடல் இந்தச் சடங்குகளோடுதான் தொடங்குகிறது. வருங்காலக் கணவன் முகம் தெரிய வேண்டுமானால், நள்ளிரவில் தனியாகக் கண்ணாடி முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, இருவருக்குச் சாப்பாட்டு மேசை போட்டு உட்கார வேண்டும். ஸ்வெத்லானா உட்காருகிறாள். ஓராண்டாகச் செய்தியே இல்லாத காதலன் வருகிறான், பனிச்சறுக்கு வண்டியில் அழைத்துப் போகிறான். வழியில் ஒரு கோயில், உள்ளே சவப்பெட்டி. பிறகு ஒரு தனிக் குடிசை, அதில் மூடிக் கிடக்கும் பிணம். பிணம் அசைகிறது, ஒரு வெள்ளைப் புறா வந்து அவள் மார்பில் ஒண்டிக் காக்கிறது. சேவல் கூவ விழித்துக்கொள்கிறாள். எல்லாம் கனவு. வாசலில் மணி ஓசை, காதலன் உயிரோடு வந்து இறங்குகிறான்.

பேய்க் கதையாகத் தொடங்கி நிம்மதியில் முடிந்த இந்தப் பாடல் ரஷ்யர்களைப் பிடித்துக்கொண்டது. பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குள் போனது, தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் மனப்பாடம் செய்தார்கள். 1815-இல் பீட்டர்ஸ்பர்கில் தொடங்கிய 'அர்ஸமாஸ்' என்ற இலக்கிய வட்டத்தில் உறுப்பினர்கள் ஜுகோவ்ஸ்கியின் கதைப்பாடல்களிலிருந்து ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜுகோவ்ஸ்கிக்குக் கிடைத்த பட்டப்பெயரே ஸ்வெத்லானாதான். புஷ்கின் தன் செய்யுள் நாவலான 'எவ்கேனி ஒனேகின்' ஐந்தாம் அத்தியாயத்தின் தலையில் இந்தப் பாடலின் வரிகளைப் பொறித்தார். மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி தத்யானாவை ஸ்வெத்லானாவைப் போலச் சோகமும் மௌனமுமானவள் என்கிறார். ஓவியர் கார்ல் பிரியுலோவ் 1836-இல் வரைந்த, கண்ணாடி முன் குறி பார்க்கும் ஸ்வெத்லானா இன்றும் நீழ்னி நோவ்கரத் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.

இந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்களாக நமக்குத் தெரிந்தவர்களில் மிக முந்தியவர் என்றால் அலெக்சாந்திரா புரொத்தாசொவாவைச் சொல்ல வேண்டும். ஜுகோவ்ஸ்கியின் உறவுக்காரப் பெண். அவருடைய அக்கா மாஷாவைத்தான் கவிஞர் காதலித்தார், நெருங்கிய உறவு என்று சொல்லி அவர்களுடைய தாயார் கடைசிவரை சம்மதிக்கவில்லை. தங்கை அலெக்சாந்திராவின் திருமணப் பரிசாக இந்தக் கதைப்பாடலைக் காணிக்கை செய்தார் ஜுகோவ்ஸ்கி. நண்பர்கள் அவரை ஸ்வெத்லானா என்றே கூப்பிட்டார்கள். பாடலில் வரும் பெண்ணுக்குக் கிடைத்த மகிழ்ச்சி அவருக்குக் கிடைக்கவில்லை. வொயேக்கொவ் என்பவரோடு அமைந்த மணவாழ்க்கை துயரமாகவே கழிந்தது. 1829-இல் இத்தாலியில் இளம் வயதிலேயே இறந்தார்.

கவனியுங்கள், அவருடைய ஞானஸ்நானப் பெயர் அலெக்சாந்திரா. ஸ்வெத்லானா வீட்டுப் பெயர் மட்டும்தான். ஒரு நாடு முழுக்க விரும்பிய பெயரை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு எந்தக் குழந்தைக்கும் சட்டப்படி வைக்க முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்க்கும் இடம். அன்றைய ரஷ்யாவில் பிறப்புப் பதிவு கோயிலின் கையில் இருந்தது. ஆர்த்தடாக்ஸ் குடும்பத்துக் குழந்தைக்குப் புனிதர் நாட்காட்டியில் உள்ள பெயரைத்தான் வைக்க வேண்டும். பிறந்த நாளை ஒட்டி எந்தப் புனிதரின் திருநாள் வருகிறதோ அந்தப் பெயரைப் பாதிரியார் எடுத்துக் கொடுப்பார். கிராமத்துப் பெண்கள் ஃபியோக்லா, அக்குலீனா, மத்ரியோனா ஆனதெல்லாம் இப்படித்தான். ஸ்வெத்லானா என்ற புனிதை நாட்காட்டியில் இல்லை, ஆகவே அந்தப் பெயருக்கு அனுமதியும் இல்லை.

லுத்மீலாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அதையும் பிரபலமாக்கியவர்கள் ஜுகோவ்ஸ்கியும், 1820-இல் 'ருஸ்லானும் லுத்மீலாவும்' எழுதிய புஷ்கினும்தான். ஆனால் செக் நாட்டுப் புனித லுத்மீலா நாட்காட்டியில் ஏற்கெனவே இருந்தார். அதனால் கவிதை படித்த பெற்றோர் நேராகக் கோயிலுக்குப் போய் அந்தப் பெயரைக் கேட்டு வாங்க முடிந்தது. தத்யானாவும் அப்படியே. புஷ்கின் காலத்தில் அது நாட்டுப்புறப் பெயர், நாவலின் நாயகிக்கு அதை வைப்பதைப் பற்றி அவரே பாட்டில் சமாதானம் சொல்கிறார். ஸ்வெத்லானாவுக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது.

மனிதர்களுக்கு வைக்க முடியாத பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். 1858-இல் பிரான்ஸின் போர்தோவில் கட்டப்பட்ட ரஷ்யப் போர்க்கப்பல் 'ஸ்வெத்லானா'. பேரரசரின் மகன் அலெக்சேய் அதில் விளதிவஸ்தோக் வந்து இறங்கியதை நினைவுகூர்ந்து 1873-இல் அந்த நகரத்தின் முதன்மைத் தெருவுக்கு ஸ்வெத்லான்ஸ்கயா என்று பெயர் சூட்டினார்கள். 1924-இல் லெனின் தெருவாகி, 1992-இல் பழைய பெயருக்கே திரும்பியது. அதே பெயரில் வந்த அடுத்த கப்பல் 1905-இல் சூஷிமாப் போரில் ஜப்பானியரால் மூழ்கடிக்கப்பட்டது. பீட்டர்ஸ்பர்கில் மின்விளக்குகளுக்கும் இந்தப் பெயர் வந்தது, பின்னாளில் வானொலிக்கான வால்வுகள் செய்த 'ஸ்வெத்லானா' தொழிற்சாலை அதிலிருந்து வளர்ந்ததுதான். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் இந்தப் பெயரைப் பழைய ஆம்ப்ளிஃபயர் வால்வுகளில் பார்த்திருக்கலாம். 1917 ஆகஸ்டில் கிரிமியாவின் சிமெயிஸ் வானாய்வகத்தில் வானியலாளர் நெயுமின் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கும் ஸ்வெத்லானா என்றே பெயர். விண்ணிலும் கடலிலும் தெருவிலும் இருந்தாள், பிறப்புப் பதிவேட்டில் மட்டும் இல்லை.

அப்புறம் புரட்சி வந்தது. 1917 டிசம்பரில் வந்த ஆணை பிறப்புப் பதிவைக் கோயிலிடமிருந்து அரசு அலுவலகத்துக்கு மாற்றியது. 1918 ஜனவரி ஆணை மதத்தை அரசிலிருந்தே பிரித்தது. இனி பெற்றோர் எந்தப் பெயரையும் வைக்கலாம். 1920களில் நிறையப் பேர் இந்தச் சுதந்திரத்தை எல்லை வரை போய் அனுபவித்தார்கள். அக்டோபர் புரட்சியிலிருந்து ஒக்தியாப்ரீனா, மார்க்ஸையும் லெனினையும் சேர்த்து மார்லென், விளதீமிர் லெனினைச் சுருக்கி விளத்லென், லெனின் என்பதைத் தலைகீழாக எழுதி நினெல். ஆனால் எல்லாப் பெற்றோருக்கும் மகளை ஒரு கோஷமாக்கும் துணிச்சல் இருக்காதே. பழைய கோயில் பெயரும் வேண்டாம், மேடை முழக்கமும் வேண்டாம் என்று நின்றவர்களுக்கு ஸ்வெத்லானா ஆயத்தமாக இருந்தாள். காதுக்குப் புதியவள் அல்ல, பள்ளியில் படித்த பாட்டு. மத வாடை இல்லை. பொருளோ ஒளி. மின்சாரம்தான் புதிய வாழ்வு என்று பேசிக்கொண்டிருந்த காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எது?

சரி, இனி ஸ்டாலின். அவர் மகள் பிறந்தது 1926 பிப்ரவரி 28. அதற்கு முன்பே, 1924-இல், இன்னொரு பெரிய தலைவரான புகாரின் தன் மகளுக்கு ஸ்வெத்லானா என்று பெயர் வைத்துவிட்டார். 1929-இல் பிறந்த மோலத்தோவின் மகளும் ஸ்வெத்லானாதான். அதாவது படித்த, கட்சி சார்ந்த நகரக் குடும்பங்களில் அந்தப் பெயர் அப்போதே நடைமுறைக்கு வந்திருந்தது. ஸ்டாலின் வீடும் அந்த நடைமுறையைப் பின்பற்றிய வீடுகளில் ஒன்று, அவ்வளவுதான்.

தலைவரின் மகள் பெயர் என்பதால் ஓரளவு கவர்ச்சி கூடியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. 1930களின் நடுவில் ஸ்டாலினோடு அந்தச் சிறுமியின் படங்கள் வெளிவந்தன. 1935-இல் 'இஸ்வெஸ்தியா' நாளிதழில் செர்கேய் மிகல்கோவின் 'ஸ்வெத்லானா' என்ற தாலாட்டுப் பாட்டு வந்து ஸ்டாலினுக்குப் பிடித்துப் போனது. கூடப் படித்த ஒரு பெண்ணின் மனத்தைக் கவரத்தான் அந்தத் தலைப்பு வைத்ததாக மிகல்கோவ் பிற்காலத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு வந்த அர்க்கதி கைதாரின் சிறுவர் கதை 'நீலக் கோப்பை'யில் அப்பாவோடு கைகோத்து ஊர் சுற்றும் ஆறரை வயதுக்காரியின் பெயரும் இதுவே. சோவியத் குழந்தைகள் பல தலைமுறைகளாகப் படித்த கதை அது. பெயர் பரவியதில் கிரெம்ளினைவிட இந்த மாதிரிக் கதைகளின் பங்கே பெரிது என்பது என் எண்ணம்.

ஸ்டாலின்தான் காரணம் என்றால் அவருக்குப் பிறகு பெயர் சரிந்திருக்க வேண்டும். 1953-இல் அவர் இறந்தார், 1956 பிப்ரவரியில் இருபதாம் கட்சி மாநாட்டில் குருஷ்சேவ் அவருடைய குற்றங்களைப் போட்டு உடைத்தார். ஸ்டாலினா என்று அவர் பெயரிலேயே உண்டாக்கிய பெண்பெயர் அதோடு வழக்கொழிந்தது. ஸ்வெத்லானாவோ 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும்தான் உச்சத்தைத் தொட்டது. எலேனா, தத்யானா, இரீனா, நத்தாலியா, ஓல்கா என்ற வரிசையில் அதுவும் நின்றது. ஒரே வகுப்பில் இரண்டு மூன்று ஸ்வெத்தாக்கள் (ஸ்வெத்லானாவின் சுருக்கம்) இருப்பது சாதாரணம். நாட்காட்டியோடு ஒட்டாத பெயர் என்பதால் ரஷ்யர் அல்லாதவர்களும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். சைபீரியாவின் புரியாத்துகள், யாக்குத்துகள், சோவியத் கொரியர்கள் குடும்பங்களிலும் ஸ்வெத்லானாக்களைப் பார்க்கலாம். உக்ரேனிய மொழியில் அது ஸ்வித்லானா, பெலருசியத்தில் ஸ்வியத்லானா.

ஸ்டாலினின் மகளுடைய கதைக்கு இந்தியாவில் ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. நம் ஊரில் பலர் இந்தப் பெயரை முதன்முதலில் கேட்டதே அந்தச் செய்தியில்தான். சிறுமியாக இருந்தபோது அப்பா அவளை 'சேத்தான்கா' என்று செல்லமாகக் கூப்பிடுவார். அவள் வீட்டு எசமானி, அவர் அவளுடைய செயலாளர் என்பது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. அவள் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளுக்கு அவர் பணிவோடு கையெழுத்துப் போடுவார். 1932-இல் தாய் நதேழ்தா அலிலுயெவா தற்கொலை செய்துகொண்டார். அப்பாவின் மறைவுக்குப் பிறகு மகள் தாயின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு ஸ்வெத்லானா அலிலுயெவா ஆனார். 1963-இல் மாஸ்கோ மருத்துவமனை ஒன்றில் பிரஜேஷ் சிங்கைச் சந்தித்தார். உத்தரப் பிரதேசத்தின் காலாகாங்கர் அரச குடும்பத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் அவர், மாஸ்கோவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். திருமணம் செய்துகொள்ள அரசு அனுமதி தரவில்லை. 1966 அக்டோபரில் பிரஜேஷ் சிங் இறக்க, அஸ்தியைக் கங்கையில் கரைக்க ஸ்வெத்லானா இந்தியா வந்தார். காலாகாங்கரில் கொஞ்ச காலம் தங்கினார். இங்கேயே இருந்துவிட விரும்பியும் நடக்கவில்லை. 1967 மார்ச் 6 மாலை டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து போய் அடைக்கலம் கேட்டார். பிற்பாடு தன் பணத்தில் காலாகாங்கரில் பிரஜேஷ் சிங் நினைவாக ஒரு மருத்துவமனை கட்ட உதவினார்.

சோவியத் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று எழுதின. அதற்கும் இந்தப் பெயர் அசையவில்லை, 1970களிலும் குழந்தைகளுக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குள் அது யாருடைய மகளின் பெயராகவும் இல்லாமல் எல்லோருடைய மகளின் பெயராகவும் ஆகிவிட்டது.

1948-இல் பிறந்த இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா, விண்வெளிக்குப் போன இரண்டாவது பெண். 1984 ஜூலை 25-இல் சல்யூத்-7 நிலையத்துக்கு வெளியே வந்து, விண்ணில் நடந்த முதல் பெண் ஆனார். இன்னொருவர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச், 2015-இல் இலக்கிய நோபல் பெற்ற பெலருஸ் எழுத்தாளர். விளையாட்டிலோ சொல்லி மாளாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற மாஸ்தெர்கோவா, ஜிம்னாஸ்டிக்ஸில் கோர்க்கினா, டென்னிஸில் குஸ்னெத்சோவா.

சோவியத் காலம் முடிந்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் கோயிலுக்குத் திரும்பியபோது பழைய சிக்கல் மறுபடி தலைதூக்கியது. ஞானஸ்நானம் பெற வந்த ஸ்வெத்லானாக்களிடம் இந்தப் பெயரில் புனிதர் இல்லையே என்றார்கள். வழி ஒன்று இருந்தது. கிணற்றடியில் இயேசுவிடம் பேசிய சமாரியப் பெண்ணை ஆர்த்தடாக்ஸ் மரபு ஃபோத்தினியா என்ற பெயரில் புனிதையாகக் கொண்டாடுகிறது. கிரேக்கத்தில் அந்தப் பெயரும் ஒளியிலிருந்து வந்ததுதான். அதனால் ஆவணங்களில் ஸ்வெத்லானா, கோயிலில் ஃபோத்தினியா என்று இரண்டு பெயர்களோடு இருப்பவர்கள் நிறையப் பேர்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஸ்வெத்லானா என்றால் இப்போது ரஷ்யர்கள் மனத்தில் வருவது அம்மா வயதுப் பெண்மணி, பாட்டி, பள்ளி ஆசிரியை. ஒரு தலைமுறை முழுக்க வைத்த பெயரை அடுத்த தலைமுறை தவிர்ப்பது எங்கும் நடப்பதுதான். இதில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது, நாட்காட்டிப் பெயர்களுக்கு மவுசு திரும்பிவிட்டது. மாஸ்கோவில் அண்மை ஆண்டுகளில் அதிகம் வைக்கப்படுபவை சொஃபியா, அன்னா, மரியா, ஈவா. ஒரு காலத்தில் குடியானவர் பெயர் என்று ஒதுக்கிய வர்வாரா, அரீனா போன்றவைகூட நகரத்து இளம் பெற்றோருக்குப் பிடித்திருக்கிறது. ஸ்வெத்லானா மறைந்துவிடவில்லை, முன்வரிசைகளில் இல்லை.

பேச்சில் எப்படிக் கூப்பிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் நடுவில் உள்ள 'லா'வில் விழும். நண்பர்களுக்கு ஸ்வெத்தா. கொஞ்சலாக ஸ்வெத்தோச்கா, ஸ்வேத்திக். ஸ்வெத்கா என்பது மிக நெருக்கமானவர்களுக்கு மட்டும், மற்றவர் சொன்னால் மரியாதைக் குறைவு. அலுவலகத்திலும் வயதில் பெரியவர்களிடமும் தந்தை பெயரைச் சேர்த்து ஸ்வெத்லானா செர்கேயெவ்னா என்பது போல முழுதாகச் சொல்ல வேண்டும். லானா என்ற சுருக்கம் ரஷ்யாவில் அவ்வளவு வழக்கமில்லை, வெளிநாட்டில் குடியேறியவர்கள் வைத்துக்கொள்வது அதிகம். அலிலுயெவாவும் 1970-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஒருவரை மணந்து லானா பீட்டர்ஸ் ஆனார், 2011 நவம்பரில் விஸ்கான்சினில் அந்தப் பெயரிலேயே இறந்தார்.